பளபளத்த கம்பி

தில்லி துவாரகா ஃபிளாட்டின் பால்கனியில் நின்ற அர்விந்துக்குக் குழப்பமாக இருந்தது. ஞாயிறன்று பிசுக்கும் கரியுமாக அப்படியே விட்டுப்போன பார்பெக்யூ கம்பி, புதிதுபோல் பளபளத்தது.

"நீயா தேய்ச்சே?" மனைவி ஜ்யோத்ஸ்னாவிடம் ரகசியமாகக் கேட்டான்.

"நான் இப்பத்தானே ஆபீஸ்லேர்ந்து வரேன்! வேலைக்கு வர தீதியும் லீவு."

"மூட்டையில கரியும் குறைஞ்சிருக்கே?"

இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்பா வைத்தியும் அம்மா ருக்குவும் முட்டைகூடத் தொடாதவர்கள். அவர்கள் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில்தான் இவர்கள் சிக்கன் சுட்டார்கள். வீட்டில் சொன்னதென்னவோ பன்னீர் என்று.

ராத்திரி இட்லிக்கு அம்மா கத்தரிக்காய் கொத்சு பரிமாறினாள். அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு டிவி பார்க்கப் போனார்.

"புகை வாசனையோட பிரமாதமா இருக்கும்மா!"

"சுட்ட கத்தரிக்காய் இல்லாம நாக்கு செத்துப்போச்சுடா. உன் இண்டக்‌ஷன்ல சுட முடியறதா? பால்கனி அடுப்புலதான் சுட்டேன்."

அர்விந்த் கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டான். "ஐயோ அம்மா! அதுல வந்து..."

"மெதுவாப் பேசு. எலும்பைக் குப்பைத்தொட்டியில போட்டா எனக்குத் தெரியாதா? அதான் கம்பியைப் புளி போட்டுத் தேய்ச்சு, தணல்ல பழுக்கக் காய்ச்சி எடுத்தேன்."

அம்மா ஹால் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட மட்டும் நீ பன்னீர்னே சொல்லிண்டிரு."