பதினாலாவது சுற்றில் ஒரு மஞ்சள் சட்டை

யோகாஸ்தா வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டையில் ரதாமேஸ் பேஸ்பால் இறுதி ஆட்டத்துக்கு வந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தான். கடை மடிப்புகூட இன்னும் கலையவில்லை. நெஞ்சில் பெரிய சேவல் படம்.

"ஆட்டம் முடிஞ்சதும் அப்பாகிட்ட நம்ம கல்யாணத்தைப் பத்திக் கேளு" என்று யோகாஸ்தா அவன் காதைக் கடித்தாள். "சேவல் அணி ஜெயிச்சா உடனே சரின்னுடுவார். தோத்தா அடுத்த வருஷம் வரைக்கும் வாயே திறக்க மாட்டார்."

அவளுக்கு அந்தப் பக்கம் அப்பா தோன் செனோன்; 'தோன்' என்பது ஊரார் மரியாதையாகச் சேர்த்துச் சொல்வது. சேவல் அணிக்கும் முதலை அணிக்கும் நாற்பது வருடப் பகை. முதலைகளின் நிறம் என்பதற்காக, கதவுக்குக்கூடப் பச்சை வண்ணம் அடிக்க விடாத மனிதர் அவர். பதினோரு வருடமாகக் கோப்பை பச்சைக்காரர்களிடம்தான் இருந்தது.

கடைசியான ஒன்பதாவது சுற்று. சேவல்கள் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தன. ரதாமேஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சூடா யானிகேகே ரொட்டி பொரிக்கிறான், வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து போனான்.

அவன் தலை மறைந்ததும் சேவல்கள் ஓட்டம் எடுத்துச் சமன் செய்துவிட்டன. ஆட்டம் கூடுதல் சுற்றுகளுக்குப் போனது.

பத்தாவது சுற்றில் வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தான். முதலைகளின் ஆள் முதல் பந்தையே வேலிக்கு வெளியே அனுப்பினான். தோன் செனோன் மெதுவாகத் திரும்பி இவனைப் பார்த்தார்.

"யானிகேகே எங்கே தம்பி?"

"கூட்டமா இருந்துச்சு, தோன்."

"போய் வரிசையில நில்லு. அவசரமே இல்லே."

போனான். சேவல்கள் மறுபடி சமன் செய்தன.

பன்னிரண்டாவது சுற்றிலும் அதே கதை. அவன் வந்தால் அடி, போனால் சமன். பின்வரிசைக்காரர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"யாருய்யா இந்த ராசி கெட்டவன்? அவனை உட்கார விடாதீங்க" என்றார் ஒருவர்.

மறுபடி வந்து நின்ற ரதாமேஸ் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். குரலும் கம்மியிருந்தது. "இந்தத் தடவை என்ன வாங்கட்டும், தோன்?"

"எதையோ வாங்கு. வாங்காமலும் இரு. ஆட்டம் முடியறவரைக்கும் இங்கே வராதே, அது போதும்."

அவன் போனதும், தோன் செனோன் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். யோகாஸ்தாவுக்கு அழுகை முட்டியது. ராசி கெட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

பதினாலாவது சுற்று. மைதானத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சேவல் அணியின் குட்டையன் ஒருவன் அடித்த பந்து இரண்டு பேருக்கு நடுவே விழுந்து உருண்டது. மூன்றாம் தளக் கட்டத்தில் நின்ற சேவல் ஆள் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தான். கோப்பை மஞ்சளுக்கு.

ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரதாமேஸ் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. குரல் சுத்தமாகப் போயிருந்தது.

"தோன்... யோகாஸ்தாவை நான்..."

"கட்டிக்கோ. பாதிரியார்கிட்ட நானே பேசறேன்."

யோகாஸ்தா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ரதாமேஸ் நெகிழ்ந்துபோய்ச் சேவல் படத்தின் மேல் கை வைத்தான். "சத்தியமா சொல்றேன் தோன், இனிமே உயிர் இருக்கிறவரைக்கும் நான் சேவல் கட்சிதான்."

தோன் செனோன் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"அந்தக் காரியத்தை மட்டும் செஞ்சுடாதே. சட்டையைக் கழட்டிப்போட்டுட்டு, பச்சைக் கூட்டத்துல நாலாவது வரிசையில நின்னு முதலைக்காகத் தொண்டை கிழியக் கத்தினியே, எல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

தொலைநோக்கியைத் துடைத்து உறையில் போட்டார்.

"அடுத்த வருஷமும் அங்கேயே நின்னு கத்து, மாப்பிள்ளே."