கலயத்து வாசனை

தேன்கூட்டின் வாசல் காவலுக்கு ஆள் எடுத்தார்கள். செம்பித் தேனீக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முன்னால் நின்ற தோழி மஞ்சரி திரும்பி, “கள்ளுக் கலயத்தைப் பத்தி வாயைத் திறக்காதடி, வேலை கிடைக்காது” என்று கிசுகிசுத்தாள்.

“கள் குடிச்சதுண்டா?” என்று கேட்டாள் காவல் தலைவி.

“ஐயோ, வாசனைகூடத் தெரியாதுக்கா!” என்றாள் மஞ்சரி.

செம்பி ஓரடி முன்னால் வந்தாள். “போன கோடையில குடிச்சேன்க்கா. கூட்டுக்கு வழி தெரியாமக் கிடந்தேன். அப்புறம் தொடலை.”

“குடிச்சிட்டு வர்றவளை மோந்து பார்த்துத் தடுக்கிறதுதான் இங்க வேலை. வாசனை தெரிஞ்சவ நீ, காவலுக்கு நில்லு” என்றாள் தலைவி.

சாயங்காலம் முதலில் தள்ளாடி வந்து இறங்கியவள் மஞ்சரி. “நான்தான்டி, வழி விடு” என்று சிரித்தாள்.

செம்பி மோந்து பார்த்தாள். கால்கள் மறுபடியும் பதறின. ஆனால் வாசலை விட்டு அவள் நகரவில்லை.