அவள் மேல் படாமல்

ஆவணக் காப்பகத்தின் ஜன்னல் வெயிலில் பரிசோதகர் ராணியின் சுயசரிதையிலிருந்து ஒரு தாளைத் தூக்கிப் பிடிக்கிறார். தாளுக்குள் காகித ஆலையின் நீர்க்குறியும் அதன் கீழே ஓர் ஆண்டும் தெளிவாகத் தெரிகின்றன. எதிரே அமர்ந்திருக்கும் அறுபது வயதுக்காரி மூக்குக்கண்ணாடிக் கூட்டை மூடி மூடித் திறக்கிறாள். "ராணி செத்துப் பதினோரு வருஷம் கழிச்சுதாம்மா இந்தத் தாளையே செஞ்சிருக்காங்க. பேரன்மாருங்க கூலிக்கு ஆள் வெச்சு எழுதின சுயசரிதை இது." "அப்போ ராணி எழுதலையா?" "ஆவியா வந்து எழுதியிருந்தாதான் உண்டு." அவள் சிரிக்கவில்லை. அரண்மனைத் தாதியாக இருந்த அவள் அம்மா அவளைப் பெற்ற அன்றே போய்விட்டாள். புகைப்படம் கிடையாது. இந்தப் பக்கத்தில் அம்மா பேருக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு வரிதான் அவளுக்கு அம்மா: 'எங்கள் தாதி சிரித்தால் வாசலில் கட்டிய குதிரையும் திரும்பிப் பார்க்கும்.' நாற்பது வருடமாக அவளுக்கு அது மனப்பாடம். "அம்மா பேராவது நெசந்தானே சார்?" "நெசந்தான். வேலையாள் பதிவேட்டுல இருக்கு. அதைப் பார்த்துதான் எழுதியிருக்கான்." "சிரிப்பு?" பரிசோதகர் தாளை மேசையில் வைக்கிறார். "பதிவேட்டுல அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா." அவர் 'போலி' என்ற ரப்பர் முத்திரையை மைத்தட்டில் அழுத்தி எடுக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் நட்டநடுவே விழவேண்டும் என்பது காப்பக விதி. அந்த வரியும் நட்டநடுவேதான் இருக்கிறது. அவள் கை நீண்டு வந்து அதை மூடுகிறது. "அடிங்க சார், நான் வேணாம்னு சொல்லல. அவ மேல மட்டும் படாம அடிங்க." முத்திரை அந்தரத்தில் நிற்கிறது. அதில் மை காய்கிறது. அவள் கை நகரவில்லை.