துளசியின் ஓட்டு

"ஐசியைக் கையில வச்சுக்கிட்டு ஓட்டுப் போடாம இருக்கிறவ, இந்தத் தாமான்லயே நீ ஒருத்திதான்!"

கனகராஜ் காலையிலிருந்து மனைவியிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அட்சரம் பிசகாமல்.

"எனக்குக் கால் வலி," என்றாள் துளசி.

"நேத்து ராத்திரி பசார் மாலாம்ல கடை கடையா சுத்தினப்போ அந்தக் கால் எங்க போச்சு?"

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்களேன்."

"போன தடவை தலைவலி. அதுக்கு முந்தியெல்லாம் பேரே பதியல. இப்பதான் பேரைத் தேர்தல்காரங்களே பட்டியல்ல ஏத்திட்டாங்கலா, இன்னும் என்ன சாக்கு? கார்ல ஏறு!"

சாக்கு இருந்தது. சொல்ல முடியாத சாக்கு. ஐசியில், அந்த அடையாள அட்டையில், இருக்கும் துளசி இவள் இல்லை. இவளுடைய அக்கா.

கோப்பெங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மூன்று வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள் அக்கா. அவள் பிறப்பை மட்டும் ஆஸ்பத்திரியில் பதிந்திருந்தார்கள். அவள் சாவையும், அடுத்து லயத்து வீட்டில் பிறந்த இவளையும் யாரும் பதியவில்லை. அப்பா அம்மாவுக்குக் கோயிலில் கல்யாணம். பிறகு பதியப் போனாலும் காட்டக் கல்யாணப் பதிவுச் சூராட் கிடையாது. இவளுக்கு ஐசி எடுக்கும் வயது வந்தபோது தோட்ட ஆபீஸ் கிராணி, "அதான் வீட்டுல ஒரு பிறப்புச் சூராட் சும்மா கிடக்கே," என்றார். அப்பாவும் அதை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து, சொந்தப் பேர் போய், இவள் துளசி. கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாது.

ஊர் நடுவில் பேரை உரக்கப் படிக்கும் இடத்தில் யாராவது கண்டுபிடித்தால் ஐசி பறிபோகும். பேரப்பிள்ளைகள் பார்க்க வாசலில் போலீஸ் வந்து நிற்கும். அதற்கப்புறம் இவள் எந்த நாட்டுக்காரி?

ஓட்டுப்போடும் பள்ளிக்கூடத்தில் வரிசை நகர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் ஓரடி பின்வாங்கினாள்.

கட்சி ஏஜென்டுகள் நடுவில் புஷ்பலதா!

அதே தோட்டம், அதே லயம். அக்கா உயிரோடிருந்தபோது அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். போன வாரம்தான் தாமான் குடியிருப்போர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "அடுத்தவ ஐசியில ஓட்டுப் போட வர்றவளை நானே பிடிச்சுக் கொடுப்பேன்," என்று முழங்கினாள்.

"என்னங்க, மயக்கமா வருது. வீட்டுக்குப் போலாம்."

"நடிக்காத. போ உள்ள."

அதிகாரி ஐசியை வாங்கிப் பேரையும், பிறந்த தேதியோடு தொடங்கும் எண்ணையும் உரக்கப் படித்தார்.

இன்னொரு கட்சி ஏஜென்ட் சிவபிரகாசம் நிமிர்ந்தார். "என்னக்கா, ஐசியில அறுவது தாண்டிருச்சு. ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே. யார் ஐசி இது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று மலாயில் கேட்டார்.

புஷ்பலதா எழுந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐசியைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஐசியைப் பார்த்தாள்.

"ஆட்சேபனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க ஓட்டைப் பார்க்க வந்தீங்களா, பொம்பளைங்க வயசைப் பார்க்க வந்தீங்களா சிவபிரகாசம்? இவளை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். துளசியேதான். மையை வைங்கலா!"

மை வைத்தார்கள். ஓட்டு விழுந்தது.

கனகராஜ் காரை எடுத்துவரப் போயிருந்தார். குழாயடியில் புஷ்பலதா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். துளசி பக்கத்தில் போய் நின்றாள்.

புஷ்பலதா நிமிராமலே பேசினாள். "துளசியைப் புதைச்ச அன்னிக்கு நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன். நீ அப்ப உங்கம்மா வயித்துல."

துளசி சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை.

"அப்ப என் சொந்தப் பேரு உங்களுக்குத் தெரியும்லக்கா? அதைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்களேன்."

புஷ்பலதா முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். ஏஜென்ட் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டுப்போடும் அறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு தடவைக்கா."