ஆறடிக்கு ரெண்டடி

சொந்த நிழலையே ‘ஏன் என் பின்னாலேயே வர்றே?’ என்று அதட்டுகிற ஆள் அந்த மிஷின் கடைக்காரர். பேங்க்மேல் நம்பிக்கை இல்லை. அதனால் மனைவியின் நாற்பது பவுனும் கடையின் பின்னறையில், தரை டைல் ஒன்றுக்கு அடியில் கிடந்தது. கொத்தனார்மேல் நம்பிக்கை இல்லை. அதனால் அந்த டைலை அவரே பதித்தார். மிதித்தால் பொக்கென்று சத்தம் வரும். மேலே ஒரு சாக்கை விரித்து அதையும் மறைத்தாயிற்று.

மனைவியின் உறவுக்காரர்கள் கதையைக் கேட்கவே வேண்டாம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரையும் வாசப்படி தாண்ட விட்டதில்லை. ‘சொந்தக்காரன் என்றால் கன்னக்கோல் இல்லாத திருடன்’ என்பது அவர் கண்டுபிடிப்பு.

“நகையை லாக்கர்ல வச்சிடலாங்க” என்று மனைவி மாதம் ஒரு தடவையாவது சொல்வாள்.

“லாக்கருக்குச் சாவி ரெண்டு. ஒண்ணு அவன்கிட்ட. திருடன்கிட்ட சாவியைக் குடுத்துட்டு வாடகையும் குடுக்கணுமா?” என்பார்.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு ஒருவன் வந்தான். மூக்குக்கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை, வெண்ணெய் மாதிரிக் கை. டைல் வேலை பார்க்கிற கையா அது?

“அண்ணே, டைல் வெட்டற மிஷின் ஒண்ணு வேணும். கரன்ட்ல ஓடறது. வீட்டு வேலைக்கு.”

“புது டைலா, பதிச்ச டைலா?”

“பதிச்சதுதான். பெட்ரூம்ல. ரெண்டடிக்கு ரெண்டடி டைல், வரிசையா மூணு எடுக்கணும்.”

கடைக்காரர் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். ஆறடிக்கு ரெண்டடி. ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டலாம்.

“எதுக்கு எடுக்கறீங்க?”

“அடியில கொஞ்சம் வேலை இருக்கு.”

“வீட்டைத் தோண்டினா சம்சாரம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“அவ இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லைண்ணே.”

கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். ஆனாலும் புத்தி மழுங்கவில்லை. கொலைகாரன் திருடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்ன? ஒருத்தன் முன்னால் பேச்சுக் கொடுப்பான், இன்னொருத்தன் பின்னால் நுழைவான். இந்த வித்தையெல்லாம் அவரிடமா? வீடு கடைக்கு மேலேதான். மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“இந்தா! பின்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்காரு. நான் கூப்பிடற வரைக்கும் அசையாதே.”

மனைவி மறுபேச்சில்லாமல் போனாள். அந்த அதிசயத்தை ரசிக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

“இது மேஜை மிஷின். தட்டுல தண்ணி ஊத்திட்டா தூசி பறக்காது. கோடு கிழிச்ச மாதிரி வெட்டும். ஆனா பதிச்ச டைலைத் தூக்கி இதுமேல வைக்க முடியுமா? உங்களுக்குக் கைமிஷின்தான் சரி. பல் இல்லாத பிளேடு போடுங்க, ஓரம் உதிராது.”

கொலைகாரனாகவே இருந்தாலும் தப்பான மிஷினைத் தலையில் கட்ட அவர் தொழில் இடம் கொடுக்கவில்லை.

“சத்தம் எப்படி? பக்கத்து ரூமுக்குக் கேக்குமா?”

மாட்டினான்!

“நீங்களே கேளுங்க.”

மிஷினை யார் கையிலும் கொடுத்துப் பழக்கமில்லை அவருக்கு. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, உடைசல் டைலை எடுத்து வைத்து அவரே வெட்டிக் காட்டினார். கை டைல்மேல், கண் மட்டும் வந்தவன்மேல்.

“அந்தச் சிவப்பு மிஷினையும் பாத்துடலாமே, அண்ணே.”

பார்த்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க. சூடாகுதான்னு தெரியணும்.”

ஓட்டினார். அரைமணி நேரம் கடை அலறியது. எதிர்க்கடைக்காரர் ஜன்னலை அடைத்துக்கொண்டார்.

கடைசியில் வந்தவன் உதட்டைப் பிதுக்கினான். “எல்லாமே சத்தமா இருக்கேண்ணே. யோசிச்சு வர்றேன்.”

பைக்கை எடுத்துப் பின்சந்துப் பக்கம் திரும்பினான். கடைக்காரர் வண்டி நம்பரை அட்டைப்பெட்டியில் குறித்து, உடனே போலீசுக்குப் போன் போட்டார்.

“ஐயா, பொண்டாட்டியைக் கொன்னுட்டு பெட்ரூம்ல புதைக்கப் போறான் ஒருத்தன். நம்பர் எழுதிக்குங்க.”

“சரி. உங்க கடையில ஏதாவது திருட்டுப் போச்சா?”

“என் கடையிலயா? ஈ எறும்பு நுழையாது!”

அப்படியும் மிஷின்களை எண்ணிப் பார்த்தார். ஏழும் இருந்தன. மீசையைத் தடவிக்கொண்டே போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

பின்வாசல் திறந்து கிடந்தது. சாக்கு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. டைல் சுவரில் சாய்ந்து நின்றது; நாலு பக்கமும் ஓரம் உதிராத சுத்தமான வெட்டு. பக்கத்தில் வேறு கடை ஸ்டிக்கரோடு ஒரு கைமிஷின், அதில் பல் இல்லாத பிளேடு. குழி காலி.

“நாப்பது பவுன்!” என்று அலறினார். மனைவியையும் காணோம் என்பது அடுத்த மூச்சில்தான் உறைத்தது.

போன் அடித்தது. போலீஸ்காரர்.

“பெரியவரே, உங்க கொலைகாரனைப் பிடிச்சாச்சு. ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கற பேங்க் வாசல்லயே. கூட ஒரு அம்மா, பை நிறைய நகை. எல்லாம் அவங்க நகையாம். போன வாரமே லாக்கர் எடுத்துட்டாங்களாம், இன்னிக்கு வைக்க வந்தாங்களாம். இந்த ஆளு அவங்க சித்தி பையனாம். உங்களுக்குத் தெரியுமா?”

“அவங்க ஆளுங்க ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாதே!”

“அந்தம்மாவும் அதையேதான் சொல்றாங்க.” போலீஸ்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அவங்க உங்க சம்சாரம்னு வேற சொல்றாங்க. நம்பலாமா?”