ஈ மேஜருக்கு எத்தனை ஷார்ப்?

பியானோ வகுப்புக்குப் போவதாக ஹெப்சிபா சொல்வதை அவள் கணவன் ஜெயசீலன் நம்பவில்லை. திரும்பி வரும்போதெல்லாம் அவள் முகம் அத்தனை மலர்ந்திருந்தது. அவள் பொய்யைப் பிடிப்பதற்காகவே அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்து, மேஜர் ஸ்கேல் எனும் சுர வரிசைகளையும், எதற்கு எத்தனை ஷார்ப், அதாவது அரைச் சுரம் ஏற்றிய சுரங்கள், என்பதையும் மனப்பாடம் செய்தான்.

அன்று அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டான்.

"இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாரு?"

"ஈ மேஜர்."

"அதுக்கு எத்தனை ஷார்ப்?"

"மூணு."

"நாலு!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டான். "எஃப், சி, ஜி, டி."

ஹெப்சிபா அவனை உற்றுப் பார்த்தாள்.

"நான்தான் குழப்பிட்டேன் போல. சரி, உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"போன்ல..."

"போன்ல யாரு?"

அவள் கையை நீட்டினாள். ஜெயசீலன் அவசரமாகப் போன் இருந்த சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான்.