உள்ளபடி கேட்கும் ஹெட்போன்

பாட்டுப் பைத்தியம் பிடித்த வெள்ளாடு ஒன்று, தன் கொட்டகையின் மூலையில் ஸ்டுடியோ வைத்தது. எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, அதில் பாதியை அன்றைக்கே தின்றும் விட்டது. மைக் வாங்கி முதல் பாட்டையும் பதிவு செய்தாயிற்று. வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக மந்தை முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. கேட்டுத் திருத்த ஒரு ஹெட்போன்தான் பாக்கி.

பாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டு அணிலின் கடைக்குப் போனது.

“தம்பி, விலை கம்மியா இருக்கணும். ஆனா பாட்டு உள்ளபடியே கேக்கணும்.”

“இருக்குண்ணே” என்று அணில் ஒன்றைக் கொடுத்து, ஒயரைப் போனில் செருகியது.

ஆடு கொஞ்ச நேரம் கேட்டது. “குரல் நடுங்குது. மட்டமான சரக்கு.”

அடுத்ததிலும் நடுங்கியது. மூன்றாவதில் மூக்கடைப்பும் சேர்ந்துகொண்டது. ஏழு ஹெட்போன் போன பிறகு, “ஒருத்தனும் ஒழுங்கா செய்யறதில்ல” என்று ஆடு அலுத்துக்கொண்டது.

எட்டாவது டப்பாவை அணில் திறந்ததுமே ஆடு எடுத்து மாட்டிக்கொண்டது. கண்ணை மூடியது. தாடி தாளத்துக்கு அசைந்தது.

“இதுதான் தம்பி. துளி நடுக்கம் இல்ல. எவ்வளவு சுத்தமா இருக்கு குரல்.”

அணில் தன் கையைப் பார்த்தது. ஒயரின் முனை இன்னும் அங்கேதான் இருந்தது. போனில் செருகவே இல்லை.

“நல்ல காதுண்ணே உங்களுக்கு” என்று சொல்லி, ஹெட்போனைப் பத்திரமாகக் கட்டிக் கொடுத்தது. பில்லின் அடியில் மட்டும் ஒரு வரி எழுதியது: ‘ஒயரைச் செருகிய பின் பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’